தீவைச் சுற்றி ஓடிய பாய்கள்

அன்புள்ள தம்பிக்கு,

இங்கிலாந்தின் தெற்கே வைட் தீவைச் சுற்றி ஓடுகிற பாய்ப்படகுப் போட்டியைப் பற்றிப் போன கிழமை போனில் நீ கேட்டாய்: "ரவுண்ட் தி ஐலண்ட் ரேஸை போனிலேயே பார்க்கலாமே அம்மா, ஒவ்வொரு படகும் எங்கே நிற்குதென்று தெரியுமே, ஏன் ரெண்டு பேரும் விடியமுதல் எழும்பி மலை ஏறினனீங்கள்?" நீ வேலைக்கு வெளிக்கிட்டுக்கொண்டிருந்தாய், அந்த அவசரத்தில் என்னால் ஒழுங்காய்ப் பதில் சொல்ல முடியவில்லை. இப்போது ஆறுதலாய் எழுதுகிறேன். நீயும் ஆறுதலாய் வாசி.

வெள்ளிக்கிழமை பின்னேரமே போய்விட்டோம். சவுத்ஹாம்டனில் ரெட் ஜெட் என்ற வேகப் படகில் ஏறினால் அரை மணித்தியாலத்தில் தீவின் கவுஸ், போட்டி தொடங்கி முடிகிற இடம். அங்கே மெடினா ஆற்றின் வாயில் தண்ணீரே தெரியவில்லை, அவ்வளவு படகு. ஒன்றோடு ஒன்று பக்கம் பக்கமாய்க் கட்டியிருந்தார்கள். கடைசிப் படகில் இருந்தவர் கரைக்கு வர வேண்டுமென்றால் நாலைந்து பேருடைய படகுகளின் மேலால்தான் கடந்து வர வேண்டும். கடக்கும்போது ஒவ்வொருவரிடமும் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு, மெதுவாய்க் கால் வைத்து வந்தார்கள். அப்பா அரைமணி நேரம் கயிறு கட்டியிருந்த விதத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று நான்தான் இழுத்துக்கொண்டு வந்தேன்.

இந்தப் போட்டி 1931இல் தொடங்கியது. முதல் வருடம் 25 படகுகள்தான். வென்றது 'மெரி கன்சீட்' என்ற 22 அடிப் படகு, கார்ன்வால் மீன்பிடிப் படகு வகை. எனக்கு இந்தப் போட்டியில் பிடித்ததே இதுதான் தம்பி. முதலில் வந்து சேர்ந்தது என்பதற்காகவே ஒரு படகுக்கு இங்கே பெரிய பரிசான தங்கக் கிண்ணம் கிடைக்காது. படகின் நீளம், பாயின் அளவு எல்லாம் பார்த்து ஒவ்வொன்றுக்கும் ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள், அந்தக் கணக்கின்படி நேரத்தைத் திருத்திய பிறகுதான் வெற்றி யாருக்கென்று சொல்வார்கள். 2017இல் மூன்று உடல் கொண்ட பெரிய பந்தயப் படகொன்று 50 கடல் மைலையும் 2 மணி 22 நிமிடத்தில் சுற்றி முடித்தது. ஆனால் ஒரு குடும்பம் சனி ஞாயிறில் ஓட்டுகிற சின்னப் படகும் அதே கடலில், அதே நாளில், அதே கோட்டில் இருந்து வெளிக்கிட்டு, ஒழுங்காய் ஓட்டினால் வெல்லலாம். எட்வர்ட் ஹீத் பிரிட்டனின் பிரதமராய் இருந்த காலத்திலேயே இதில் ஓடி வென்றவர். அவருக்குப் பக்கத்துப் படகில் யாரோ ஒரு பள்ளிக்கூட வாத்தியார் இருந்திருக்கக்கூடும்.

அன்று இரவுச் சாப்பாடு டென்னிசன் டவுன் என்ற மலையின் அடிவாரத்தில் உள்ள ஹைடவுன் இன் என்ற பப்பில். அப்பா தீவிலேயே காய்ச்சுகிற கொடார்ட்ஸ் பியர் அரை பைன்ட் எடுத்தார், எனக்கு ஜிஞ்சர் பியர். பக்கத்து மேசையில் தனியாய் ஒரு வயதான வெள்ளைக்காரர். அப்பாவிடம் எந்த ஊர் என்று கேட்டார். அப்பா "இலங்கை" என்று சொல்லி நிறுத்தாமல் "வல்வெட்டித்துறை" என்றார். பிறகு அன்னபூரணியின் கதையைச் சொன்னார். எங்கள் ஊரில் கட்டிய பாய்க்கப்பல், அமெரிக்கர் ஒருவர் வாங்கி எங்கள் ஊர் மாலுமிகளோடு சூயஸ் தாண்டி, அட்லாண்டிக் தாண்டி, 1938இல் மாசசூசெட்சின் குளோஸ்டர் துறைமுகத்துக்குக் கொண்டு போன கப்பல். அந்த மனிதர் கரண்டியை வைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார். அப்பா இவ்வளவு இங்கிலீஷ் ஒரே மூச்சில் கதைத்து நான் பார்த்ததில்லை.

விடிய ஐந்து மணிக்கு ஃப்ரெஷ்வாட்டர் பேயிலிருந்து ஏறத் தொடங்கினோம். வழியில் டிம்போலா என்ற வீடு இருக்கிறது. ஜூலியா மார்கரெட் கேமரன் என்ற புகைப்படக்காரி இருந்த வீடு. இலங்கை மலைநாட்டில் அவர்களுக்கு இருந்த தோட்டத்தின் பெயரைத்தான் வீட்டுக்கு வைத்திருந்தார்கள். 1875இல் இங்கிருந்து இலங்கைக்கே போய், 1879இல் அங்கேயே இறந்து, பொகவந்தலாவையில் அடக்கம். நாங்கள் அங்கிருந்து இங்கே வந்தோம், அந்த அம்மா இங்கிருந்து அங்கே போனவர். வாசலில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத்தான் ஏறினேன்.

மேலே ஏறினால் புல்லும் சுண்ணாம்புப் பாறையும் காற்றும்தான். "சோழகம்தான் அடிக்குது" என்றார் அப்பா. தென்மேற்குக் காற்று, அவருக்கு வேறு பெயர் வராது. தீவின் மேற்கு நுனியான நீடில்ஸ் முனைக்குப் போய்ச் சேர்ந்தபோது முதல் பாய்கள் எதிர்க்கரையில் உள்ள ஹர்ஸ்ட் கோட்டைப் பக்கமாய் வந்துகொண்டிருந்தன. அங்கே கடல் ஒடுங்கிப் போகும், அதனால் நீரோட்டம் பலமாய் இருக்கும். வற்று நீர் மேற்கே ஓடத் தொடங்குகிற நேரத்தைப் பார்த்துத்தான் போட்டியின் நாளையும் நேரத்தையுமே குறிக்கிறார்கள். தண்ணீர் மேற்கே இழுக்க, காற்று மேற்கிலிருந்து எதிர்த்து அடிக்க, நீடில்ஸ் பாறைகளுக்கு முன்னால் கடல் உலை கொதிப்பது போலக் கிடந்தது.

இனி நான் சொல்லப் போவதை உன் போன் உனக்குக் காட்டாது. நீடில்ஸ் வெளிச்சவீட்டுக்குக் கொஞ்சம் வெளியே, தண்ணீருக்கு அடியில், வர்வாசி என்ற கிரேக்கக் கப்பலின் உடைசல் கிடக்கிறது. 1947இல் தோடம்பழமும் வைனும் இரும்புத்தாதும் ஏற்றி வந்து பாறையில் ஏறிய கப்பல். துணிந்தவர்கள் வெளிச்சவீட்டுக்கும் உடைசலுக்கும் நடுவால் போவார்கள், பயந்தவர்கள் வெளியால் சுற்றுவார்கள். உள்ளால் போனால் சில நிமிடம் மிச்சம். நீலப் பாய்ப் படகு ஒன்று உள்ளே வருவதா வெளியே போவதா என்று தடுமாறியது. சுக்கான் பிடித்திருந்த பெண் ஒரு முறை திரும்பிப் பின்னால் பார்த்தாள். பிறகு உள்ளேயே விட்டாள். பாய் ஒரு பக்கம் சரிந்து தண்ணீரைத் தொட்டது, மூன்று பேர் மற்றப் பக்க விளிம்பில் காலைத் தொங்கப்போட்டு இருந்தார்கள். அப்பா என் கையைப் பிடித்து அமுக்கிவிட்டார். கடந்து போனதும் முன்பின் தெரியாத எல்லாரும் கை தட்டினோம்.

ஒன்பது மணியளவில் நிறையப் பேர் கலைந்துவிட்டார்கள். வேகமான படகுகள் போய்விட்டால் அவர்களுக்கு வேடிக்கை முடிந்தது. என்னைக் கேட்டால் அதற்குப் பிறகுதான் பார்க்க வேண்டும். நாங்கள் தேத்தண்ணி குடித்துவிட்டு, பஸ் மாறி மாறித் தீவின் தென்கரையில் உள்ள நைட்டனுக்குப் போனோம். காற்று விழுந்துவிட்டது. பட்ல் இன் என்ற பழைய பப், ஒரு காலத்தில் கள்ளக்கடத்தல்காரர் கூடின இடமாம். அதன் தோட்டத்து வாங்கில் இருந்தால் செயின்ட் கேத்தரின்ஸ் வெளிச்சவீடும் கடலும் கீழே தெரியும். பின்தங்கிய படகுகள் எல்லாம் அங்கே நின்றன. நீடில்ஸைச் சுற்றிக் கிழக்கே போகிற அவர்களுக்கு நீரோட்டம் இன்னும் எதிராய்த்தான் ஓடியது, பாயில் காற்றில்லை. நீரோட்டம் கரையோரத்தில் கொஞ்சம் குறைவு என்று பாறைக்குக் கிட்டக்கிட்ட ஊர்ந்தார்கள். அதுவும் சரிவராமல் ஒரு சின்னப் படகு நங்கூரத்தைப் போட்டது.

"போட்டியில் நங்கூரமா?" என்று கேட்டேன். "போடாட்டில் பின்னுக்கு இழுத்துக்கொண்டு போயிடும். மற்றவன் பின்னுக்குப் போக, இவன் நிண்ட இடத்திலேயே முந்திறான்" என்றார் அப்பா. தூரக்கண்ணாடியால் பார்த்தேன். தகப்பன், தாய், பத்துப் பன்னிரண்டு வயதில் ஒரு பெடியன். அவன் படகின் முன்னுக்குக் குந்தியிருந்து நங்கூரக் கயிற்றில் கை வைத்துக்கொண்டு சாண்ட்விச் சாப்பிட்டான். கயிறு இழுபட்டு நேராய் நிற்கும்வரை தண்ணீர் எதிராய் ஓடுகிறது, தளர்ந்தால் திரும்புகிறது. அதைப் பார்க்கத்தான் அவனை வைத்திருந்தார்கள். நாங்கள் மீனும் சிப்ஸும் சாப்பிட்டு முடிக்க, அவன் கையை உயர்த்தினான். தகப்பன் ஓடி வந்து இழுத்தார். தண்ணீர் கிழக்கே திரும்பிவிட்டது. கொஞ்ச நேரத்தில் அங்கே நின்ற அத்தனை படகும் ஒன்றாய் நகர்ந்தன.

அவர்களோடு நாங்களும் கிழக்கே நடந்தோம். கீழே இருந்த கார் பாதை 2014 நிலச்சரிவோடு போய்விட்டது. நடக்கிறவர்களுக்கு மேலே செங்குத்தின் ஓரமாய்ப் பாதை இருக்கிறது. அப்பாவின் முழங்காலைப் பற்றிக் கவலைப்படாதே. தடி கொண்டுபோனார், இருந்து இருந்துதான் நடந்தார். ஸ்டீப்ஹில் கோவ் என்ற சின்னக் குடாவில் இறங்கி நண்டு பேஸ்ட்ரி வாங்கினோம். காரமில்லை, ஆனால் நல்ல சதைப்பிடிப்பான நண்டு. வென்ட்னரில் ஸ்பைகிளாஸ் இன்னில் இருந்தபோது அந்தச் சின்னப் படகு எங்களைக் கடந்து போனது. எழும்பிக் கை காட்டினோம். பெடியனும் காட்டினான்.

இனி அவர்கள் தீவின் கிழக்கு முனையான பெம்பிரிட்ஜைச் சுற்றி, ரைட் மணல்திட்டில் தட்டாமல், கவுஸுக்குப் போக வேண்டும். எத்தனையாவதாய் வந்தார்களோ தெரியாது, நான் தேடவுமில்லை.

வருகிற வருடத்து நாளைப் போட்டியை நடத்துகிற ஐலண்ட் செய்லிங் கிளப் அறிவித்ததும் சொல்கிறேன், லீவு போட்டுவிட்டுப் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு வா. கோடையென்று நினைக்காதே, மேலே விடியக் காற்று குளிரும், எல்லாருக்கும் ஜாக்கெட் வேண்டும். ஃப்ரெஷ்வாட்டரில் அறை கெதியாய் முடிந்துவிடும், அதனால் டிக்கெட் போடமுதல் எனக்கு ஒரு சொல்லுச் சொல்லு.

அன்புடன்,
அம்மா