மெடிக்கலில் டியூப் வாங்கியது போதும், உமையாள்

காரைக்குடி

அன்புள்ள உமையாள்,

உன் கடிதம் கிடைத்தது. மகள் மாசமாக இருக்கிறாள் என்று படித்ததும் அவுகளிடம் சொன்னேன். அன்று சாயங்காலமே கொப்புடையம்மன் கோயிலுக்குப் போய் அவள் பேருக்கு அர்ச்சனை செய்துவிட்டு வந்தார்கள். இங்கே வெளிப்பட்டாலையில் கல் மாற்றும் வேலை இழுத்துக்கொண்டே போகிறது. ஆத்தங்குடியிலிருந்து கல் வந்து இறங்கிவிட்டது, பதிக்கிற ஆள்தான் வந்தபாடில்லை. மற்றபடி எல்லாரும் நலம்.

கடைசிப் பக்கத்தில் பொடி எழுத்தில் எழுதியிருந்தாயே, அதைத்தான் திரும்பத் திரும்பப் படித்தேன். ஆடியிலிருந்து இது மூன்றாவது முறை, அரிப்பு தாங்கவில்லை, திப்பி திப்பியாக வெள்ளைப்படுகிறது, ஒண்ணுக்குப் போனால் எரிகிறது என்றெல்லாம் சொல்லிவிட்டு, “நான் என்ன சுத்தமில்லாமலா இருக்கேன்?” என்று கேட்டிருக்கிறாய். இல்லவே இல்லை உமையாள். முதலில் அந்த எண்ணத்தை விடு. இது கேண்டிடா என்கிற பூஞ்சையின் வேலையாக இருக்கலாம். அது நம் வாயிலும் குடலிலும் பிறப்புறுப்பிலும் எப்போதும் கொஞ்சம் இருப்பதுதான். அங்கே இருக்கும் நல்ல பாக்டீரியாக்கள் குறைந்தாலோ, சர்க்கரை கூடினாலோ மளமளவென்று பெருகிவிடும். 4 பெண்களில் 3 பேருக்கு வாழ்நாளில் ஒரு தடவையாவது வருகிறது. யாரும் வாய் திறப்பதில்லை, அவ்வளவுதான்.

சுத்தம் என்று நினைத்து நீ செய்வதுதான் எனக்குக் கவலை. வெந்நீரில் கிருமிநாசினி ஊற்றி உள்ளே கழுவுகிறேன் என்கிறாய். இன்றோடு நிறுத்து. உள்ளே கழுவவே தேவையில்லை. வெளியே மட்டும் வெறும் தண்ணீர் போதும். சோப்பும் வாசனை வாஷும் அந்தத் தோலை இன்னும் புண்ணாக்கிவிடும். உடம்புச் சூடு என்று உன் மாமியார் வெந்தயம் ஊறவைத்துக் கொடுப்பதைக் குடி, கெடுதல் ஒன்றும் இல்லை. ஆனால் பூஞ்சை அதற்குப் போகாது.

அடுத்தது, அரிப்புக்கு நீ வாங்கித் தடவும் அந்த டியூப். மெடிக்கலில் பேப்பரில் சுற்றிக் கொடுக்கிறார்கள் என்றாயே, அட்டையில் என்னென்ன மருந்து என்று படித்துப் பார். நாலு மருந்தைக் கலந்து விற்கும் க்ரீம்கள் பலவற்றில் க்ளோபீட்டசால் மாதிரி வீரியமான ஸ்டீராய்டு இருக்கிறது. ரெண்டே நாளில் அரிப்பு அடங்கியது என்று நீ எழுதியதைப் பார்த்தால் எனக்கு அந்தச் சந்தேகம்தான். ஸ்டீராய்டு அரிப்பை அமுக்கும், உள்ளே பூஞ்சை வளர இடம் கொடுக்கும், தோலையும் மெலிய வைக்கும்.

வைகாசியில் எழுதிய கடிதத்தில், சர்க்கரைக்கு டாக்டர் மாத்திரையை மாற்றினார் என்று சொல்லியிருந்தாய். ஆடியில் இது ஆரம்பித்திருக்கிறது. அந்த மாத்திரை டாபாக்ளிஃப்ளோசினா, எம்பாக்ளிஃப்ளோசினா என்று பார்த்துச் சொல். அந்த வகை மாத்திரைகள் சர்க்கரையைச் சிறுநீர் வழியாக வெளியேற்றுகின்றன. அந்த இடத்தில் சர்க்கரை பட்டுக்கொண்டே இருந்தால் பூஞ்சைக்குக் கேட்கவா வேண்டும்? எனக்கு வந்தபோது டாக்டரம்மா கேட்ட முதல் கேள்வியே சர்க்கரைக்கு என்ன மாத்திரை என்பதுதான். நீயாக நிறுத்திவிடாதே. இதயத்துக்கும் சிறுநீரகத்துக்கும் நல்ல மாத்திரை அது, மாற்றுவதா வேண்டாமா என்று அவர்கள் முடிவு செய்யட்டும். மூன்று மாதச் சராசரி காட்டுகிற ஹெச்பிஏ1சி டெஸ்டும் எடுத்துவிடு. கல்யாண வீட்டில் கந்தரப்பம் சாப்பிட்டதால் வந்தது என்று உன்னையே நொந்துகொள்ளாதே. ஒரு நாள் பலகாரம் இதைக் கொண்டுவராது, ரத்தத்தில் சர்க்கரை மாசக்கணக்கில் ஏறியே கிடந்தால்தான் வினை. இடையில் பல்வலிக்கோ சளிக்கோ ஆன்டிபயாட்டிக் சாப்பிட்டாயா என்றும் யோசித்துப் பார்.

எல்லாவற்றுக்கும் முன்னால் இது பூஞ்சைதானா என்று தெரிய வேண்டும். மீன் வாடையோடு தண்ணீராகப் போனால் அது பாக்டீரியா, அதற்கு மருந்தே வேறு. மாதவிலக்கு நிற்கப் போகும் நம் வயதில் வெறும் வறட்சியாலும் அரிக்கும். எனக்குப் பஞ்சுக் குச்சியால் துளி எடுத்து, கண்ணாடித் தகட்டில் தடவி, ஒரு சொட்டு மருந்து விட்டு மைக்ராஸ்கோப்பில் பார்த்தார்கள். என்னையும் பார்க்கச் சொன்னார்கள். நூல் நூலாகக் கிளைத்து, அங்கங்கே மொட்டு விட்டிருந்தது. வலியே இல்லை. திரும்பத் திரும்ப வருகிறவர்களுக்கு, பூஞ்சையை வளர்த்துப் பார்க்கும் கல்ச்சர் டெஸ்டுக்கும் அனுப்புவார்கள், எந்த ரகப் பூஞ்சை என்று தெரிய. அல்பிகன்ஸ் என்கிற ரகம் என்றால் ஃப்ளூகோனசோல் என்கிற பூஞ்சை மாத்திரைக்குப் பெரும்பாலும் கேட்கும். க்ளாப்ராட்டா என்றால் சுலபத்தில் கேட்காது, வேறு மருந்து தர வேண்டியிருக்கும்.

ஒரு வருடத்தில் 3 தடவையோ அதற்கு மேலோ வந்தால் ஒற்றை மாத்திரையோடு விடமாட்டார்கள். எனக்கு 150 மில்லிகிராம் ஃப்ளூகோனசோலை 1, 4, 7 ஆகிய நாட்களில் கொடுத்து, அப்புறம் வாரம் ஒன்றாக 6 மாதம் சாப்பிடச் சொன்னார்கள். அரிப்பு போய்விட்டதே என்று நடுவில் விட்டுவிடக் கூடாது. முடித்த பிறகும் சிலருக்குத் திரும்ப வருவதுண்டு, மனம் தளராதே. டாக்டரிடம் ஒன்றை மறக்காமல் சொல்: சர்க்கரைக்கு நீ கிளிமிபிரைடு மாத்திரையும் சாப்பிடுகிறாய். அதோடு ஃப்ளூகோனசோல் சேர்ந்தால் சர்க்கரை திடீரென்று இறங்கிவிடலாம்.

இன்னொரு விஷயம். நம் வீடுகளில் முற்றம் நிறைய வெயில் அடிக்கிறது, பொம்பளைகளின் உள்ளாடை மட்டும் வீட்டின் இரண்டாம் கட்டுக்குள் இருட்டு மூலைக் கொடியில், பாவாடைக்கு அடியில் ஒளிந்து காய்கிறது. தொட்டுப் பார்த்தால் மறுநாளும் இடுப்புப் பட்டியில் ஈரம் இருக்கும், அதையே எடுத்து உடுத்துகிறோம். இந்த வெட்கத்தால் யாருக்கு என்ன லாபம்? நான் மாடியில் தனிக் கொடி கட்டிவிட்டேன். நீயும் கட்டு. பருத்தித் துணியாக, இறுக்கம் இல்லாததாக வாங்கு. தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடக்கப் போகிறாய் அல்லவா, மாற்று உள்ளாடை கூடவே வைத்துக்கொள். தங்குகிற இடத்தில் வேர்வைத் துணியோடு படுக்காதே.

உன் வீட்டுக்காரர் அண்ணனுக்கும் மருந்து வேண்டுமா என்று தயங்கித் தயங்கிக் கேட்டிருந்தாய். அவருக்கு அரிப்போ சிவப்போ இருந்தால் மட்டும் காட்டினால் போதும். இது ஒழுக்கம் சம்பந்தப்பட்ட நோய் இல்லை, அவரிடம் தைரியமாகச் சொல். மகளிடமும் சொல்லிவை. மாசமாக இருக்கும்போது இது வருவது சகஜம். ஆனால் அவள் ஃப்ளூகோனசோல் மாத்திரையை விழுங்கக் கூடாது. உள்ளே வைக்கும் க்ளோட்ரிமசோல் மாதிரி மருந்தைத்தான் 7 நாள் தருவார்கள், அதுவும் டாக்டர் பார்த்த பிறகு.

வருகிற புதன்கிழமை நான் பார்த்த டாக்டரம்மாவிடம் உனக்கு நேரம் சொல்லி வைக்கிறேன். தேவகோட்டையிலிருந்து காலை பஸ்ஸில் வந்துவிடு, நானும் கூட வருகிறேன். அந்தத் தேதி மாதவிலக்கு நாளாக இருந்தால் முன்கூட்டியே போன் பண்ணு, மாற்றிக்கொள்ளலாம். அதுவரை உள்ளே எந்த க்ரீமும் வைக்காதே, டெஸ்டில் சரியாகத் தெரியாமல் போகலாம். சாப்பிடுகிற மாத்திரை அட்டைகள் அத்தனையும், அந்த டியூபும், சர்க்கரை ஃபைலும் மறக்காமல் எடுத்து வா. மதியச் சாப்பாடு நம் வீட்டில்தான்.

அன்புடன்,
அழகம்மை