அழுகிற பிள்ளைக்குப் பொலிஸ் எதற்கு?

ஆசிரியருக்கு,

மட்டக்களப்பிலிருந்து கல்முனைக்குப் போகும் பஸ்ஸில் ஒரு பிள்ளை அழுதால் போதும். "பொலிஸ் பிடித்துக்கொண்டு போகும்" என்று தாய் தொடங்குவார். "ஆம்பிளைப் பிள்ளை அழலாமா?" என்று முன்பின் தெரியாத ஒருவர் பின் ஆசனத்திலிருந்து முடித்துவைப்பார். பிள்ளை அடங்கிவிடும். அடங்கியது வாய் மட்டும்தான்.

இரண்டு வயதில் அடம்பிடிப்பது வளர்ப்பின் குறை அல்ல. உணர்ச்சியைக் கட்டுப்படுத்தும் முன்மூளைப் பகுதி இருபது வயதைத் தாண்டியும் வளர்கிறது. சிறு வயதில் பெரியவரின் முகமும் குரலும்தான் பிள்ளைக்குக் கடிவாளம். 1970களில் அமெரிக்க உளவியலாளர் எட்வர்ட் ட்ரோனிக், முகத்தில் எந்த உணர்ச்சியும் காட்டாமல் குழந்தையைச் சில நிமிடங்கள் பார்க்கும்படி தாய்மாரிடம் சொன்னார். குழந்தைகள் சிரித்தன, கையை நீட்டின, சத்தமிட்டன. எதுவும் பலிக்காதபோது முகத்தைத் திருப்பிக்கொண்டன. கைத்தொலைபேசிக்குள் முகம் புதைத்திருக்கும் அப்பாமாரும் இதைக் கவனிக்கலாம்.

எங்கள் பகுதியில் போரையும் 2004 சுனாமியையும் சிறு வயதில் கண்ட பலர் இன்று பெற்றோர். அழவும் நேரமில்லாமல் வளர்ந்தவர்களிடம் பிள்ளையின் அழுகைக்குப் பொறுமை கேட்பது இலேசல்ல. தாய் மத்திய கிழக்குக்கு வேலைக்குப் போன வீடுகளில் அந்தச் சுமை அம்மம்மாவின் தலையில்.

புலமைப்பரிசில் பரீட்சைக்காகப் பெற்றோர் கூட்டங்களில் செலவிடும் நேரத்தில் கால்வாசியைப் பாடசாலைகள், அழுகிற பிள்ளையை எப்படி ஆற்றுவது என்று பேச ஒதுக்கட்டும். அம்மம்மாமாரையும் அழையுங்கள்.

ஒரு வாசகர்,
களுவாஞ்சிக்குடி