கெடு

அன்புள்ள பாப்பாவுக்கு,

நேற்று ராத்திரி பதினோரு மணிக்கு, "டெட்லைன் இருக்குப்பா, அப்புறம் சாப்பிட்டுக்கறேன்" என்று சொல்லி போனை வைத்துவிட்டாய். பேசும்போதே கீபோர்டு தட்டுகிற சத்தம் கேட்டது. அதற்கப்புறம் எனக்குத் தூக்கம் வரவில்லை.

டெட்லைன் என்கிற அந்தச் சொல் முதலில் நேரத்தைக் குறித்தது இல்லையம்மா. தரையில் நிஜமாகவே இருந்த ஒரு எல்லை அது. 1864-இல், அமெரிக்க உள்நாட்டுப் போர்க் காலத்தில், ஜார்ஜியாவின் ஆண்டர்சன்வில் சிறைமுகாமில், மதிலுக்கு உள்ளே சுமார் 19 அடி தள்ளி, கம்புகளை நட்டு மேலே மரச்சட்டம் அடித்திருந்தார்கள். அதைத் தாண்டுகிற கைதியைக் காவலன் சுட்டுவிடலாம். அதற்குப் பெயர்தான் டெட்லைன். அங்கே அடைபட்ட சுமார் 45,000 பேரில் கிட்டத்தட்ட 13,000 பேர் செத்தார்கள், பெரும்பாலும் நோயாலும் பட்டினியாலும். முகாம் தலைவன் ஹென்றி விர்ஸை 1865 நவம்பரில் தூக்கிலிட்டார்கள். அவன்மேல் நடந்த விசாரணையில் இந்தக் கோடும் வந்தது.

பிறகு அச்சகத்திலும் அந்தப் பெயர் புழங்கியது. அச்சு மெஷினில் எழுத்தை வைக்கிற படுகையில் குறித்திருக்கும் கோட்டை எழுத்து தாண்டினால் சரியாகப் பதியாது. அப்புறம்தான், போன நூற்றாண்டின் தொடக்கத்தில், அமெரிக்கப் பத்திரிகைக்காரர்கள் அதை நேரத்துக்குச் சொன்னார்கள்.

நம்மிடம் இருக்கிற சொல் கெடு. கெடு வைப்பவர் எதிரே உட்கார்ந்திருப்பார், அவரிடம் தவணை கேட்கலாம். நான் அச்சகத்தில் எழுத்துக் கோர்க்கிற கம்போசிங் வேலையில் இருந்தபோது ஒரு கல்யாணப் பத்திரிகை. சாயங்காலம் தருவதாகப் பேச்சு. கோர்த்த எழுத்தைச் சட்டத்தில் பூட்டி, சரிபார்க்க புரூஃப் எடுத்தால், மாப்பிள்ளையின் தாத்தா பெயரைக் காணோம். ஈய எழுத்து பட்ட கறுப்பு விரலோடு பெண்ணின் அப்பாவிடம் போய், காலை வரைக்கும் நேரம் கேட்டேன். "தாராளமா எடுத்துக்கங்க, பேரு விடாம வந்தாப் போதும்" என்றார். அன்றைக்கு வீட்டுக்கு வந்து உன்னை மடியில் வைத்துக்கொண்டு சாப்பிட்டேன்.

முகூர்த்தத்துக்குப் பிறகு பத்திரிகை கொடுத்துப் பிரயோஜனம் இல்லை என்பது எனக்கும் தெரியும். உன் வேலை அப்படிப்பட்டதா என்று உன் மேலாளரிடம் கேள். இன்னும் ஒரு நாள் வேண்டும் என்று வாய்விட்டுக் கேள்.

அம்மா பருப்புப்பொடி அரைத்திருக்கிறாள். சனிக்கிழமை கூரியரில் வரும். சூடான சோற்றில் நெய் விட்டுச் சாப்பிடு.

அப்பா