மில்ட்டன் கீன்ஸிலிருந்து அக்காவுக்கு ஒரு கடிதம்

மில்ட்டன் கீன்ஸ்,
இங்கிலாந்து.

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலம். நீங்களும் அத்தானும் பிள்ளைகளும் அம்மாவும் நலமாயிருக்க வற்றாப்பளை அம்மனை வேண்டுகிறேன்.

உங்கள் கடிதம் கிடைத்தது. அதில் சின்னவளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுக்க உட்கார்ந்ததைப் பற்றி எழுதிய இடத்தில், "என்ரை படிப்பு 2009 ஓடை முடிஞ்சுது" என்று ஒரு வரி எழுதியிருந்தீர்கள். அந்த வரி என்னை விட்டுப் போகவில்லை. சாதாரண தரப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்த உங்களைப் புத்தகப் பையோடு இடம்பெயரச் செய்தது போர். அது உங்கள் குற்றமல்ல. ஆனால் படிப்பு அன்றோடு முடிந்தது என்பதை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை. அதற்கான காரணத்தை இந்த ஊரில் கண்டதைக் கொண்டு சொல்கிறேன்.

நான் வேலை செய்யும் களஞ்சியசாலையிலிருந்து சற்றுத் தொலைவில்தான் பிரித்தானியத் திறந்த பல்கலைக்கழகத்தின் தலைமையிடம் இருக்கிறது. தொலைக்காட்சி, வானொலி வழியாக எல்லோரும் படிக்கக்கூடிய ஒரு பல்கலைக்கழகம் வேண்டும் என்று 1963 இல் ஹரோல்ட் வில்சன் பேசினார். அவர் பிரதமரான பின் அதை நடைமுறைக்குக் கொண்டுவந்தவர் அமைச்சராயிருந்த ஜெனி லீ என்னும் பெண்மணி. ஸ்கொட்லாந்தில் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளி ஒருவரின் மகளாகப் பிறந்த அவர், வேலைக்குப் போகிறவர்களுக்கான படிப்பு என்பதற்காகத் தரத்தைக் குறைக்கக்கூடாது என்பதில் உறுதியாக நின்றார். 1969 இல் அரச சாசனம் கிடைத்தது. 1971 ஜனவரியில் முதல் மாணவர்கள் படிக்கத் தொடங்கினார்கள். பெரும்பாலான பட்டப்படிப்புகளில் சேர முன்தகுதி எதுவும் கேட்பதில்லை. அந்தக் காலத்தில் பாடங்களைப் பிபிசி அதிகாலையிலும் நள்ளிரவிலும் ஒளிபரப்பியது. பிள்ளைகள் எழும்புமுன் தேநீரோடு உட்கார்ந்து படித்த தாய்மார் பலர்.

பட்டத்துக்குப் பணம் கட்டவேண்டும், அது சிறிய தொகையுமல்ல. ஆனால் 2006 முதல் பாடங்களில் ஒரு பகுதியை இணையத்தில் எவரும் இலவசமாகப் படிக்கும்படி திறந்துவிட்டிருக்கிறார்கள். இயற்கை, சமூகம், கலை, உடல்நலம் என்று பல துறைகள் அதில் உண்டு. வேலை முடிந்து வந்து கைத்தொலைபேசியில் நான் படிப்பது அதைத்தான்.

அம்மாவின் சீனி வருத்தத்தை, அதாவது நீரிழிவை, பற்றி எழுதியிருந்தீர்கள். முதலில் நான் படித்ததும் அந்த வருத்தத்தைப் பற்றித்தான். வெறுவயிற்றில் எடுக்கும் இரத்தப் பரிசோதனை அந்த வேளையின் அளவை மட்டுமே காட்டும். எச்பிஏ1சி என்ற பரிசோதனை கடந்த இரண்டு மூன்று மாதங்களின் சராசரியைக் காட்டும். அடுத்த கிளினிக்கில் அதைக் கேட்டுப் பாருங்கள். இந்த வருத்தம் நாளடைவில் கால் நரம்புகளைத் தாக்கி உணர்ச்சியைக் குறைத்துவிடுவதால், காயம் பட்டாலும் வலி தெரியாமல் போகலாம். ஆகவே தினமும் இரவில் அம்மாவின் உள்ளங்கால்களையும் விரல் இடுக்குகளையும் வெளிச்சத்தில் பாருங்கள். வைகாசிப் பொங்கலுக்கு வெறுங்காலோடு சுடுமணலில் நடந்து போகும் நேர்த்தியை இம்முறை வேறு விதமாக நிறைவேற்றச் சொல்லுங்கள், அம்மன் கோபிக்கமாட்டா.

எனக்கு இதைவிடப் பெரிதாகத் தோன்றியது இன்னொன்று. இங்கே ஓய்வுபெற்றவர்கள் கூடி நடத்தும் மூன்றாம் வயதுப் பல்கலைக்கழகம் என்ற அமைப்பு இருக்கிறது. 1973 இல் பிரான்சின் துலூஸ் நகரில் தொடங்கியபோது பல்கலைக்கழகமே முதியவர்களுக்குப் பாடம் நடத்தியது. 1982 இல் பிரித்தானியாவுக்கு வந்தபோது அதை மாற்றி, தெரிந்தவர் தெரியாதவருக்குச் சொல்லிக்கொடுப்பது என்று வைத்துக்கொண்டார்கள். பரீட்சையும் இல்லை, சான்றிதழும் இல்லை. நான் கூடப்போன ஒரு குளிர்கால நடையில், தபாற்காரராயிருந்த முதியவர் ஒருவர் இலையுதிர்ந்த மரங்களை மொட்டைப் பார்த்தே பெயர் சொன்னார். ஆஷ் மரத்தின் மொட்டு அடுப்புக்கரிபோலக் கறுத்திருந்தது. அவர் கிளையை வளைத்துப் பிடிக்க, ஒவ்வொருவராகக் கையுறையைக் கழற்றித் தொட்டுப் பார்த்தோம். பட்டையைச் சுரண்டி முகர்ந்து முதிரை, வீரை, பாலை என்று அப்பா சொன்னதெல்லாம் எனக்கு அப்போது நினைவுக்கு வந்தது. அப்பாவிடம் இருந்ததும் இதே கல்விதான், அக்கா. அதற்கு எவரும் அந்தப் பெயரைக் கொடுக்கவில்லை.

எங்கள் பக்கத்தில், முள்ளியவளையில், கோவலன் கூத்தின் பாட்டுகளை நெஞ்சில் வைத்திருக்கும், கூத்துப் பழக்கும் அண்ணாவிமார் இருக்கிறார்கள். நந்திக்கடலில் எந்தக் காற்றுக்கு எந்த மீன் வரும் என்று அறிந்த பெரியவர்கள் இருக்கிறார்கள். பாம்பு கடித்தால் இறுக்கிக் கட்டக்கூடாது, கீறி இரத்தம் எடுக்கக்கூடாது, கடிபட்ட காலை அசையாமல் வைத்து உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகவேண்டும் என்பதைச் சொல்லித்தர மருத்துவத் தாதி ஒருவரை அழைக்கலாம். கண்ணாடிப் புடையன் திரியும் வயல்களில் இறங்குகிற சனத்துக்கு அது உயிர் காக்கும் பாடம். இவர்களையெல்லாம் எங்கள் வாசிகசாலையில் மாதம் ஒருமுறை உட்கார வைக்க உங்களால் முடியும். ஊரில் உங்கள் சொல்லுக்கு மதிப்பு உண்டு.

இங்குள்ள பாடங்கள் ஆங்கிலத்தில் இருப்பது பெரிய தடைதான். அதற்கு நான் இருக்கிறேன்: ஒவ்வொரு பாடத்தையும் படித்து, தமிழில் குரற்பதிவாக வாட்ஸ்அப்பில் அனுப்புகிறேன். 2005 இல் தொடங்கிய 'நூலகம்' என்ற பெயருடைய இணையவழி எண்ணிம நூலகத்தில் எங்கள் நாட்டின் தமிழ் நூல்களையும் பழைய சஞ்சிகைகளையும் காசு கொடுக்காமல் வாசிக்கலாம். அதன் இணைப்பையும் அனுப்புகிறேன்.

பட்டமும் வேண்டும் என்று மனம் சொன்னால் அதற்கும் வழி உண்டு. 1980 இல் நிறுவப்பட்ட இலங்கைத் திறந்த பல்கலைக்கழகத்துக்கு யாழ்ப்பாணத்தில் பிராந்திய நிலையம் இருக்கிறது. சில கற்கைநெறிகள் தமிழிலும் உண்டு. உயர்தரம் இல்லாதவர்கள் எந்தக் கற்கைநெறி வழியாக நுழையலாம் என்று அத்தான் யாழ்ப்பாணம் போகும்போது விசாரிக்கட்டும். முதல் தவணைக் கட்டணத்தை நான் அனுப்புவேன். இதில் மறுப்புச் சொல்லாதீர்கள்.

வாசிகசாலை ஞாயிறு பின்னேரத்தில் திறந்திருக்குமா என்று தலைவரிடம் கேட்டு எழுதுங்கள். அங்கே நான்கு மணியாகும்போது இங்கே குளிர்காலத்தில் காலை பத்தரை. எனக்கு ஞாயிறு வேலை இல்லை, காணொளியில் நானும் உட்காரலாம். முதல் கூட்டத்துக்கு அம்மாவையும் கூட்டிக்கொண்டு வாருங்கள், சீனி வருத்தத்தைப் பற்றியே தொடங்குவோம்.

இப்படிக்கு,
உங்கள் அன்புத் தம்பி