செயலாளரின் ஆண்டறிக்கை

நம் சங்கத்தின் பெங்களூரு அல்சூர் வட்டார உறுப்பினர் அனைவருக்கும் வணக்கம்.

செயற்குழு 5 முறை கூடியது. பொங்கல் விழா வழக்கம்போல் நடந்தது. லால்பாக் குடியரசு தின மலர்க் கண்காட்சிக்குச் சேர்ந்து போய்வந்தோம்.

"சங்கப் பணத்தை மரத்தில் கட்டிவிட்டார்கள்" என்று ஒரு பேச்சு காதில் விழுவதால், நாம் மரங்களில் கட்டிய நரிவால் ஆர்க்கிட் செடி பற்றி விரிவாகவே சொல்லிவிடுகிறேன். ரிங்கோஸ்டைலிஸ் ரெட்டூசா என்கிற இது அசாமின் மாநில மலர். பிஹு ஆடும் பெண்கள் கொண்டையில் சூடுவது. மேற்குத் தொடர்ச்சி மலையிலும் உண்டு. புல்லுருவி அல்ல. மரத்தில் ஒட்டியிருக்குமே தவிர அதன் சாற்றை உறிஞ்சாது. மரம் பட்டுப்போகும் என்று மனு எழுதியவர்கள் கவலையை விடலாம்.

காட்டில் பிடுங்கிய செடி ஒன்றுகூட வாங்கவில்லை. எல்லாம் ஆய்வுக்கூடத்தில் திசுவிலிருந்து வளர்த்த கன்றுகள். ஜூனில் மழை பிடித்ததும் 12 கன்றுகளைப் பருத்தி நாடாவால் கட்டினோம். அவற்றில் 11 கன்றுகள் தூங்குமூஞ்சி மரங்களில். பட்டை சொரசொரப்பாக இருப்பதால் வேர் பிடிக்கும். ஒருவர் மட்டும் கேளாமல் கொய்யாவில் கட்டினார். பட்டை உரிந்தது, கன்றும் கூடவே விழுந்தது. நல்லெண்ணத்தில் தேங்காய் நாரை மெத்தையாகச் சுற்றியதில் 3 கன்றுகள் வேர் அழுகின. தினமும் ஊற்றிய தண்ணீர் நடுக்குருத்தில் தேங்கி இன்னொன்று போயிற்று. மிச்சம் 7.

இலையுதிர் காட்டு மரங்களில் மாதக்கணக்கில் மழையில்லாமல் இருந்து பழகிய செடி இது. வேர் நனைந்தால் பச்சை, காய்ந்தால் வெள்ளி நிறம். வெளுத்த பிறகுதான் அடுத்த தண்ணீர், அதுவும் காலையில். போர்வெல் தண்ணீர் வேண்டாம், உப்பு படியும். அதற்குத்தான் மழைநீர் டிரம் வைத்திருக்கிறோம். அதில் யாரோ துடைப்பம் ஊறவைக்கிறார்கள். பூ எங்கே என்று கேட்கிறார்கள். கன்று வளர்ந்து பூக்கச் சில ஆண்டுகள் பிடிக்கும். பூத்தால் ஒரே சரத்தில் நூற்றுக்கும் மேல் தொங்கும்.

ஏற்காட்டில் உள்ள தேசிய ஆர்க்கிட் தோட்டத்தைப் பார்க்க 22 பேர் பெயர் கொடுத்தார்கள், 9 பேர் வந்தார்கள். ஆள் குறைந்தால் வேன் வாடகை குறைவதில்லை.

வரவும் செலவும் ஏறக்குறைய சரி. சந்தா பாக்கிகள் வந்திருந்தால் 'ஏறக்குறைய' தேவைப்பட்டிருக்காது. பொருளாளருக்கும், மொட்டைமாடி கொடுத்த குடும்பத்துக்கும், தண்ணீர் தெளிக்கும் காவலாளி அண்ணனுக்கும் நன்றி.

அடுத்த ஜூனுக்குள் இன்னும் 5 கன்றுகள் வாங்க வேண்டும். ஏணி இப்போதைக்கு என் வீட்டு மாடிப்படிக்கு அடியில் கிடக்கிறது. அடுத்த செயலாளர் யாரென்று தெரிந்தால் நானே கொண்டுவந்து கொடுத்துவிடுகிறேன்.