தம்பிக்கு: இமிக்ரேஷன் வரிசையில் நிற்கும் முன்

அன்புள்ள தம்பி,

இங்கே எல்லோரும் நலம். அமெரிக்கா வந்து படிக்க உனக்கு எஃப்-1 மாணவர் விசா குத்தியாயிற்று என்று அம்மா சொன்னாள். என்ன ஊறுகாய் கொண்டுவரலாம் என்பதை அடுத்த கடிதத்தில் எழுதுகிறேன். இது உன் போனைப் பற்றி.

"அங்கே போலீஸ்கூட வாரன்ட் இல்லாமல் போனைப் பார்க்க முடியாதாமே" என்று கேட்டிருந்தாய். ஊருக்குள் அது பெரும்பாலும் சரி. கைதானவனின் போனைக்கூட வாரன்ட் இல்லாமல் துழாவக் கூடாது என்று 2014-ல் உச்ச நீதிமன்றம் ஒருமனதாகச் சொன்னது. ஆனால் விமான நிலையத்தில் நீ இன்னும் வாசற்படியில்தான் நிற்கிறாய். அங்கே சட்டம் வேறு, எல்லை அதிகாரிகள் வாரன்ட் இல்லாமலே போனைச் சோதிக்கிறார்கள்.

சோதனை இரண்டு விதம். கையால் தள்ளித் தள்ளிப் பார்ப்பது ஒன்று. அதற்கு உன்மேல் சந்தேகம்கூட வேண்டியதில்லை. கருவியை மாட்டி நகலெடுப்பது இன்னொன்று. அதற்கு நியாயமான சந்தேகமோ தேசப் பாதுகாப்புக் காரணமோ வேண்டும், மேலதிகாரி சம்மதமும் வேண்டும். எதுவானாலும் போனுக்குள் இருப்பதைத்தான் பார்க்கலாம், இணையத்தில் கிடப்பதை அல்ல. அதனால் ஏர்பிளேன் மோடில் போட்டுத்தான் கொடு. போனை எடுத்து வைத்துக்கொண்டால் 6051டி என்ற ரசீதைக் கேட்டு வாங்கு. ஐந்து நாள் என்பது வழக்கம், மேலே கையெழுத்து வாங்கி நீட்டிக்கவும் செய்வார்கள்.

பாஸ்கோடு கேட்டால்? இந்நாட்டுக் குடிமகன் மறுத்தால் போன்தான் போகும், ஆளை உள்ளே விட்டாக வேண்டும். விசாக்காரன் மறுத்தால் ஆளையே திருப்பலாம். வக்கீலைக் கூப்பிடும் உரிமையும் அந்த அறையில் கிடையாது. எனக்கு இது அநியாயமாகத்தான் படுகிறது. ஆனாலும் அந்த மேஜைக்கு முன் நின்று அரசியல் சட்டம் பேசி ஆகப்போவது ஒன்றுமில்லை. பொய் மட்டும் சொல்லாதே. பொய் சொல்லி நுழையப் பார்த்தான் என்று பதிவானால் அது ஆயுசுக்கும் விடாது.

திருப்பி அனுப்பத்தான் போகிறார்கள் என்று ஆகிவிட்டால், நுழைவு விண்ணப்பத்தை நானே திரும்பப் பெறுகிறேன் என்று கேள். ஒத்துக்கொள்வது அவர்கள் இஷ்டம். ஒத்துக்கொண்டால் இந்த விசா மட்டும்தான் போகும். விரைவு வெளியேற்றம் என்று எழுதிவிட்டாலோ ஐந்து வருடம் இங்கே நுழையத் தடை.

பயந்துவிடாதே. 2024 நிதியாண்டில் இப்படிப் பார்த்த சாதனங்கள் சுமார் 47,000. வந்தவர்களில் பத்தாயிரத்தில் ஒருவர் அளவுதான்.

வாட்ஸ்அப்தான் தொல்லை. குடும்பக் குழுவில் பெரியப்பா அனுப்பும் படமெல்லாம் தானாக இறங்கி, நீ எடுத்த படம்போல உன் கேலரியில் உட்காரும். ஆட்டோ டவுன்லோடையும் மீடியா விசிபிலிட்டியையும் இன்றே அணைத்துவிடு. அழித்தாலும் ஐபோனில் முப்பது நாள் வரை 'சமீபத்தில் நீக்கியவை'யில் கிடக்கும். 2025 மார்ச்சில் பாஸ்டனில் இறங்கிய ஒரு லெபனான் டாக்டரைத் திருப்பி அனுப்பியபோது, அரசு காட்டிய காரணங்களில் அந்த இடத்தில் கிடந்த படங்களும் உண்டு. அதற்காக எல்லாவற்றையும் துடைத்துவிட்டு வராதே, காலிப் போனும் கேள்வியைக் கிளப்பும். விசா படிவத்தில் நீ எழுதிக் கொடுத்த ஐந்து வருடச் சமூக ஊடகக் கணக்குகளையும் இப்போது மூடாதே.

உள்ளே வந்த பிறகு பேச்சுரிமை உனக்கும் உண்டு, ஏட்டில். அதே மார்ச்சில் டஃப்ட்ஸ் பல்கலைக்கழகத்தில் படித்த ஒரு வெளிநாட்டு மாணவியைத் தெருவில் பிடித்தார்கள். அவர் மாணவர் பத்திரிகையில் சேர்ந்து எழுதிய ஒரு கட்டுரையைத் தவிர அரசு வேறு சான்று காட்டவில்லை என்று சொல்லி நீதிபதி மே மாதம் விடுவித்தார். நடுவில் ஆறு வாரம் காவலில் போயிற்று.

விமானம் இறங்குமுன் போனை முழுக்க அணைத்துவிடு. திரும்பப் போட்டால் முகமோ விரலோ போதாது, பாஸ்கோடு அடித்தால்தான் திறக்கும். கல்லூரி கொடுத்த ஐ-20 சேர்க்கைத் தாளைப் பெரிய பெட்டியில் போடாமல் கைப்பையில் வை. எங்கள் நம்பரை ஒரு துண்டுத் தாளில் பேனாவால் எழுதிப் பாஸ்போர்ட்டுக்குள் செருகிக்கொள். போன் அவர்களிடம் இருந்தால், மனப்பாடமாக இல்லாத நம்பரை எங்கே போய்த் தேடுவாய்?

அன்புடன்,
அக்கா