நான்கு நிமிடத்தில் விழுங்கிய நன்றியுரை

'டாக்டர் ஹூ' என்ற பிரிட்டிஷ் அறிவியல் புனைவுத் தொலைக்காட்சித் தொடருக்காக நாம் கூடிய ரசிகர் கூட்டத்தில் சனி, ஞாயிறு இரண்டு நாளும் கூடவே இருந்த 72 பேருக்கும், வர நினைத்துக் கடைசி நேரத்தில் முடியாமல் போனவர்களுக்கும் வணக்கம்.

ஞாயிறு மாலை நன்றியுரை என் பொறுப்பு. சட்டைப்பையில் இரண்டு பக்கத்துக்குப் பெயர்கள் எழுதி வைத்திருந்தேன். ஆறு மணிக்கு மண்டபத்தை ஒப்படைக்க வேண்டும். மைக் என் கைக்கு வரும்போது மணி 5.56. மேடையில் நின்ற நாலு பேருக்கு நன்றி சொன்னேன், "மற்றும் உதவிய அனைவருக்கும்" என்று மிச்சப் பேரை ஒரே மூச்சில் சுருட்டிப் போட்டேன், இறங்கிவிட்டேன். அந்த "அனைவரும்" அப்போது கீழே நாற்காலி மடக்கிக்கொண்டிருந்தார்கள். ஒருவர்கூட நிமிர்ந்து பார்க்கவில்லை. வீட்டுக்கு வந்த பிறகும் அது உறுத்திக்கொண்டே இருந்தது.

அதிகமாக உறுத்தியதற்குக் காரணம் உண்டு. அன்று மதியம்தான் வினாடி வினாவில் டீலியா டெர்பிஷயருக்காக வாய் கிழியப் பேசியிருந்தேன். வராதவர்களுக்காகச் சொல்கிறேன். "டாக்டர் ஹூ தொடரின் தலைப்பிசை யாருடையது?" என்பது கேள்வி. ஓர் அணி ரான் கிரெய்னர் என்றது. அட்டையிலும் அதுதான் விடை. எதிரணி டீலியா டெர்பிஷயர் என்று எழுந்து நின்றுவிட்டது. இரண்டுமே சரிதான். 1963-இல் மெட்டைத் தாளில் எழுதியவர் கிரெய்னர். அதை நாம் கேட்கும் ஒலியாக்கியவர் பிபிசியின் ஒலிப்பிரிவான ரேடியோபோனிக் ஒர்க்‌ஷாப்பில் வேலை பார்த்த டெர்பிஷயர். சின்தசைசர் கடையில் கிடைக்காத காலம். ஒற்றைக் கம்பியைச் சுண்டியும் மின்னணுக் கருவிகளை இயக்கியும் எழுப்பிய ஒலிகளை நாடாவில் பதிவு செய்து, நாடாவின் வேகத்தைக் கூட்டிக் குறைத்து ஒவ்வொரு சுரத்தையும் எடுத்து, பிளேடால் துண்டு துண்டாக வெட்டி ஒட்டி உருவாக்கியது அது. கேட்ட கிரெய்னர், "இதை நானா எழுதினேன்?" என்று கேட்டதாகச் சொல்வார்கள். டெர்பிஷயருக்கும் பங்கு கொடுக்கக் கிரெய்னர் தயாராகவே இருந்தார். ஒர்க்‌ஷாப் ஊழியர்களின் பெயரைப் போடும் வழக்கம் அப்போது பிபிசியில் இல்லை. டெர்பிஷயர் 2001-இல் இறந்துபோனார். தொடரின் பெயர்ப்பட்டியலில் அவர் பெயர் வந்தது 2013-இல், ஐம்பதாம் ஆண்டுச் சிறப்பு அத்தியாயத்தில்.

இவ்வளவையும் ஆவேசமாகப் பேசிவிட்டு அடுத்த மூன்று மணி நேரத்தில் நானே "மற்றும் உதவிய அனைவருக்கும்" என்கிறேன். வெட்கமாக இருக்காதா?

ஆகவே இந்த மடல். பாதிப் பேர் "பெயரெல்லாம் போட்டுடாதீங்க" என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்கள். பெயர் விட்டதற்கு மன்னிப்புக் கேட்கும் கடிதத்தில் பெயரே இல்லை என்று சிரிக்காதீர்கள். செய்த வேலையைச் சொல்கிறேன், ஆள் யாரென்று நமக்குத் தெரியும்.

முதலில் டாலெக் அண்ணன். ஆறு வாரம் இரவு வேலையாக, பிளைவுட்டும் பிளாஸ்டிக் அரைப்பந்துகளும் வைத்து தொடரின் வில்லன்களில் ஒன்றான, கவச வண்டி போல நகரும் டாலெக்கை ஆள் உயரத்துக்குச் செய்தவர். சனிக்கிழமை காலை வண்டியிலிருந்து இறக்கினால் மண்டப வாசலைவிட அது இரண்டு அங்குலம் அகலம். அதற்கு முன்பே மூன்று படிகள் வேறு. டாலெக்குக்குப் படியேறத் தெரியாது என்று உலகம் முழுக்க ரசிகர்கள் கேலி செய்துகொண்டிருந்ததும், 1988-இல் ஒரு டாலெக் படிக்கட்டின் மேலே மிதந்து ஏறி அந்தக் கேலியை நிறுத்தியதும் நமக்குத் தெரியும். நம் டாலெக் மிதக்கவில்லை. நாலு பேர் தூக்கினார்கள். வாசலில் அண்ணன் ஒரு நிமிடம் அதைப் பார்த்தபடி நின்றார். எதுவும் பேசாமல் பையிலிருந்து ஸ்க்ரூடிரைவரை எடுத்தார், பாவாடைப் பகுதியைத் தனியாகக் கழற்றினார், சாய்த்து உள்ளே கொண்டுபோனார், திரும்பப் பூட்டினார். நாற்பது நிமிடம். "சோனிக் ஸ்க்ரூடிரைவரா அண்ணே?" என்று தொடர் நாயகன் டாக்டரின் கைக்கருவியை வைத்து ஒரு தம்பி கேட்டதற்கு அவர் திரும்பிப் பார்த்த பார்வையை நான் விவரிக்கப் போவதில்லை. ஞாயிறு மாலையும் அதே நாற்பது நிமிடம், தலைகீழாக. நான் மேடையில் நின்று "அனைவருக்கும்" என்றபோது அவர் டாலெக்கின் வயிற்றுக்குள் இருந்தார்.

டாலெக்கைக் கதையில் எழுதிய டெர்ரி நேஷனுக்குப் பேரும் பணமும் சேர்ந்தன. அதற்கு உருவம் கொடுத்த ரேமண்ட் குசிக் பிபிசியின் மாதச் சம்பளக்காரர். பொம்மைகள் விற்றுத் தள்ளியபோதும் ராயல்டி கிடையாது. அண்ணே, உங்களுக்கும் நாங்கள் சம்பளமோ ராயல்டியோ தரவில்லை. அடுத்த முறை வாசலை அளந்து அனுப்புகிறோம். அதை எங்கள் பக்கத்துத் தவறு என்று எழுதிக்கொள்ளுங்கள்.

மண்டபத்தைப் பற்றி ஒரு வார்த்தை. வெளியே சின்னது, உள்ளே பெரியது என்று டாக்டர் காலப்பயணம் செய்யும் பெட்டியான டார்டிஸ் கணக்கில் பெருமையடிக்க ஆசைதான். உள்ளேயும் சின்னதாகவே இருந்தது. 50 பேர் உட்காரும் இடத்தில் 72 பேர். சுவரோரம் நின்றே இரண்டு நாளைக் கழித்த இளைஞர்களுக்கு நன்றி. உங்கள் கால்களிடம் மன்னிப்பு.

மண்டபத்தின் காவலர் ஐயாவுக்கு நான் எப்படி நன்றி சொல்வது என்றே தெரியவில்லை. மூலையில் பழைய பியானோ ஒன்று, பாதிக் கட்டை அழுந்தாமல் கிடந்தது. டார்டிஸ் கிளம்பும் சத்தம் எப்படி வந்தது என்று காட்ட வேண்டும் என்று ஒலிப்பதிவுக்கார அக்காவுக்கு ஆசை. அதே ரேடியோபோனிக் பிரிவின் பிரையன் ஹாட்ஜ்சன் தன் அம்மாவின் வீட்டுச் சாவியைப் பியானோக் கம்பியின் மேல் இழுத்து உண்டாக்கிய சத்தம் அது. ஐயாவிடம் தயங்கித் தயங்கிக் கேட்டோம். "அது யாருக்கும் உதவாம கெடக்குது. தொறங்க" என்றார். சாவிக்கு என்ன செய்வது என்று நாங்கள் பையைத் துழாவும்போது தன் சாவிக்கொத்தையே நீட்டினார். அக்கா சாவியைத் தடித்த கம்பியின் மேல் வைத்து மெதுவாக இழுத்தார். செம்பு சுற்றிய கம்பி, அதனால் சுற்றுக்குச் சுற்று சாவிப்பல் தடுக்கித் தடுக்கி ஒரு முனகல் எழுந்தது. முதலில் ஒன்றும் புரியவில்லை. அக்கா அதைப் பதிவு செய்து, வேகத்தைக் குறைத்து, எதிரொலி சேர்த்துப் போட்டதும் பின்வரிசையில் ஒரு சிறுமி "வந்துருச்சு!" என்று கத்தினாள். அந்த வார இறுதியில் எனக்கு மறக்காத ஒலி எதுவென்றால் அந்தக் கத்தல்தான்.

ஐயா தொடரைப் பார்த்ததே இல்லை. ஞாயிறு 6.40 வரை எங்களுக்காகக் கதவைத் திறந்து வைத்திருந்தவர், பூட்டும்போது என்னிடம் கேட்டார்: "அந்தப் பொட்டிக்காரரு கடைசில வீடு போய்ச் சேந்தாரா?" 1963-இல் ஆரம்பித்தது ஐயா, இன்னும் சேரவில்லை என்றேன். "அட பாவமே" என்றார். வீட்டில் பெரியவர் ஒருவர் வெளியூர் போய்த் திரும்பாததற்குச் சொல்வது போல.

சனி மாலை நடந்ததைச் சொல்லாமல் இந்த மடல் முடியாது. படக்காட்சிக்கென்று வாடகைக்கு எடுத்த புரொஜெக்டர் ஏழு மணிக்கு ஒரு முறை கண் சிமிட்டி அணைந்தது. கேபிளை மாற்றிப் பார்த்தோம், தட்டிப் பார்த்தோம், ஊதிப் பார்த்தோம். கூட்டம் சலசலக்க ஆரம்பித்தது. அப்போது பார்வையில்லாத நம் நண்பர் இரண்டாம் வரிசையிலிருந்து, "ஸ்பீக்கர் வேலை செய்யுதுல்ல? அப்புறம் என்ன?" என்றார். இந்தத் தொடரை அவர் முழுக்கக் காதாலேயே பின்தொடர்ந்தவர். தன் போனை நீட்டி, 'தி டென்த் பிளானட்' கதையின் நான்காம் பாகத்தைப் போடச் சொன்னார்.

புதியவர்களுக்கு: 1966 அக்டோபரில் ஒளிபரப்பான பாகம் அது. வில்லியம் ஹார்ட்னெல் நடித்த டாக்டர் முதன்முறையாக உருமாறி, பாட்ரிக் ட்ரௌட்டன் நடிக்கும் புதிய டாக்டர் ஆகும் இடம். அந்தப் பாகத்துக்கு முழுப் படம் இல்லை, சில துண்டுகள்தான் மிஞ்சின. அந்தக் காலத்தில் மறு ஒளிபரப்பு பற்றி யாரும் பெரிதாக யோசிக்கவில்லை. நாடாவை அழித்து வேறு நிகழ்ச்சிக்குப் பயன்படுத்தினார்கள். 1960-களின் ஏறத்தாழ நூறு அத்தியாயங்கள் அப்படிப் போயின. தேடல் இன்னும் ஓயவில்லை. 2013-இல்கூட 9 அத்தியாயங்கள் நைஜீரியாவில் கிடைத்ததாக அறிவிப்பு வந்தது. ஆனால் தொலைந்த ஒவ்வொன்றுக்கும் ஒலி இருக்கிறது. வீட்டில் டிவி முன்னால் டேப் ரெக்கார்டரை வைத்து, யாரும் இருமக்கூடாது என்று குடும்பத்தையே மிரட்டி, பையன்கள் சிலர் பதிவு செய்து வைத்ததால் இருக்கிறது. நிறுவனம் அழித்ததை ரசிகன் வீட்டு அலமாரி காப்பாற்றிய கதை இது. இதைவிட உருப்படியான வேலை எதையும் ரசிகர் கூட்டம் எங்கேயும் செய்ததில்லை என்பது என் கட்சி. மறுப்பவர்கள் அடுத்த கூட்டத்துக்கு வரலாம்.

விளக்கை அணைத்தோம். நண்பர் எழுந்து வந்து மேடை ஓரத்தில் உட்கார்ந்துகொண்டார். எங்கே பனிக்காற்று, எது எதிரிகளான சைபர்மேன்களின் குரல், எங்கே கதவு திறக்கிறது என்று தேவைப்பட்ட இடத்தில் மட்டும் இரண்டு வார்த்தை சொன்னார். நமக்கு இருட்டில் கேட்கத் தெரியவில்லை என்பதும் அப்போதுதான் தெரிந்தது. முதல் ஐந்து நிமிடம் நாற்காலி கிறீச்சிட்டபடியே இருந்தது. பிறகு அடங்கியது. கடைசிக் கட்டத்தில் டாக்டர் தளர்ந்துபோய்க் கிளம்புகிறார். அவருடைய துணையாள் பென் மேலங்கியை எடுத்துக் கொடுக்கிறான். அதற்கு ஒரு நன்றி, குளிர் அண்டாமல் இருக்கச் சொல்லி ஒரு சொல். முதல் டாக்டர் கடைசியாகப் பேசியது அவ்வளவுதான். அடுத்து அந்த இரைச்சல், உருமாற்றம், இசை.

விளக்கு வந்தபோது யாரும் கை தட்டவில்லை. கொஞ்ச நேரம் கழித்து நண்பரே, "முடிஞ்சிருச்சு, சாப்பிடப் போகலாம்" என்றார்.

வாடகைக்காரர் மறுநாள் புரொஜெக்டரை மாற்றிக் கொடுத்தார். அதற்கும் நன்றி. இருந்தாலும் அது அணைந்ததற்கு ரகசியமாக இன்னொரு நன்றி.

இரண்டு நாளும் பந்தி கவனித்த மாமா, மருந்துப் பெட்டியோடு அலைந்த தங்கை, பெயரட்டையில் எழுத்துப்பிழை இல்லாமல் எழுதிய ஆசிரியை, நிலையத்துக்கும் மண்டபத்துக்கும் பதினோரு நடை வண்டி ஓட்டிய தம்பி, எல்லோருக்கும் கடன்பட்டிருக்கிறோம். புகைப்படம் எடுத்த அக்கா ஒரு படத்தில்கூட இல்லை, தேடிப் பார்த்துவிட்டேன்.

ஒரு மன்னிப்பும் உண்டு. 2005-க்குப் பிந்தைய அத்தியாயங்களிலிருந்து உள்ளே வந்த ஒரு தங்கையிடம் "பழசைப் பார்க்காதவங்க ரசிகரே இல்லை" என்று நம்மில் மூத்தவர் ஒருவர் சொல்லிவிட்டார். அம்மா, 1989-இல் நின்றுபோன தொடரை 2005-இல் திரும்பக் கொண்டுவந்த ரஸ்ஸல் டி டேவிஸே சின்ன வயதிலிருந்து ரசிகராக இருந்தவர்தான். உன்னைப் போல உள்ளே வருவார்கள் என்று நம்பித்தான் அவர் கதையை முதல் படியிலிருந்து தொடங்கினார். சொன்ன மூத்தவர் வருத்தத்தில் இருக்கிறார். நீ கட்டாயம் திரும்ப வர வேண்டும்.

கடைசியாக, விட்டுப்போன சாமான்கள் என்னிடம் இருக்கின்றன: ஒரு தண்ணீர் பாட்டில், ஒரு குடை, குழந்தையின் இடது கால் செருப்பு ஒன்று, யாருடைய மூக்குக்கண்ணாடியோ ஒன்று. அடையாளம் சொல்லி வாங்கிக்கொள்ளலாம்.

மஃப்ளரும் என்னிடம்தான் இருக்கிறது. மகளுக்குத் துணையாக வந்த அம்மா ஒருவர், நான்காம் டாக்டராக நடித்த டாம் பேக்கரின் மஃப்ளர் கதையைக் கேட்டார். கொடுத்த கம்பளி நூல் அத்தனையையும் பின்னல்கார அம்மையார் பின்னித் தீர்த்ததால்தான் அது அவ்வளவு நீளமானது என்றதும், "எனக்கும் நூல் குடுங்க" என்று சனிக்கிழமை காலையே பின்ன உட்கார்ந்துவிட்டார். நேற்று தொலைபேசியில், உங்கள் மஃப்ளரைக் கொடுத்து அனுப்பவா என்று கேட்டேன்.

"அது இன்னும் முடியலையேப்பா. ஊசியோட அப்படியே வச்சிரு. அடுத்த தடவை வந்து மிச்சத்தைப் போடுறேன்" என்றார்.

அன்புடன்,
நன்றியுரையைச் சொதப்பியவன்